சூரியக் காற்றில் நகர்ந்த படகுகள்

வேலாந்துறையில் பொனிப்பாஸின் கையில் யாரும் கயிறு கொடுப்பதில்லை.

படகைக் கரையேற்ற ஆட்கள் கூடி வடம் பிடிக்கும்போது அவன் பக்கத்தில் வந்து நின்றால், கயிறு அவனைத் தாண்டி அடுத்தவன் கைக்குப் போய்விடும். நங்கூரக் கயிறு, வலைக் கயிறு, மாதா தேரின் வடம், குழிக்குள் சவப்பெட்டியை இறக்கும் கயிறு, எதையும் அவன் தொடக் கூடாது. கோவில் கொடிமரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு அந்த ஊர் வைத்திருக்கும் தண்டனை அது. அடி இல்லை, அபராதம் இல்லை, ஊரைவிட்டு விலக்குவதும் இல்லை. கயிறு மட்டும் இல்லை. கடலை நம்பிப் பிழைப்பவனுக்கு அதன் பிறகு என்ன மிச்சம் இருக்கிறது?

அந்தத் தீர்ப்பைத் தன் வாயால் சொன்னவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா கித்தேரியம்மாள்.

மச்சாது வீட்டின் மூத்த பெண் அவள். ஊரில் பாதிப் பேர் அவளுடைய படகுகளில் தொழில் செய்தவர்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தது அவள் காலத்தில்தான். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகும் அவள் யார் முன்னாலும் குரல் தழைந்து பேசியதில்லை. மச்சாது வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று அக்கம்பக்கத்துத் துறைகளில்கூடச் சொல்வார்கள். அந்தப் பேச்சை அவள் நகையைப் போல வைத்துக் காத்துவந்தாள்.

நடந்தது இதுதான். கடல் சூடேறி மீன் அற்றுப்போன காலத்தில், அந்தக் கரையின் துறைகள் எல்லாம் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. கடலுக்கடியில் பவளம் இன்னும் உயிரோடிருந்த ஒரே ஒரு பாறைத் திட்டில், மீன்கள் குஞ்சு பொரிக்கும் இடத்தில், யாரும் வலை போடுவதில்லை. அதற்கு அடைத்த பார் என்று பெயர். படகு எங்கே நிற்கிறது என்பதை வானத்துச் செயற்கைக்கோள்களிடம் கேட்டறிந்து சொல்லும் பெட்டி ஒன்று ஒவ்வொரு படகிலும் ஏறியது. பாருக்கு வெளியே இருந்தால் பச்சை விளக்கு. உள்ளே போனால் சிவப்பு. அதே நொடியில் கமிட்டிக்கும் செய்தி வந்துவிடும்.

சந்தியாகப்பர் திருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், பொனிப்பாஸின் படகு அடைத்த பாருக்குள் நின்றதாகச் செய்தி வந்தது. அவன் இல்லை என்றான். கோவில் கோபுரம் கண்ணுக்கு நேராகத் தெரிந்த இடத்தில், பாருக்கு வெகுவாக மேற்கே வலை போட்டிருந்தேன், சிவப்பு எரிந்தபோது பெட்டிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன் என்றான். கயிற்றைப் பிடித்துச் சத்தியமும் செய்தான். கமிட்டியில் இருந்தவர்கள் கித்தேரியம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். தம்பி என்பதால் தயங்குகிறாள் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற எண்ணமே அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரும் வாய் திறப்பதற்கு முன் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னாள். அதோடும் நிற்கவில்லை. தன் மகன் ரெமிஜியுசுக்கும் பொனிப்பாஸின் மகள் ஜெசிந்தாவுக்கும் பேசிவைத்திருந்த கல்யாணமும் இனி இல்லை என்று அதே இடத்தில் அறிவித்தாள்.

"கூடப்பொறந்தவன்னும் பாக்கலியே" என்று ஊர் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சில் இருந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, பிடித்துத்தான் இருந்தது.

மழைக்காலம் கழிந்து கடல் தெளிந்த ஒரு காலையில், செண்பகவல்லி என்று ஒரு பெண் மீன் ஏலக்கூடத்துக்குக் கித்தேரியம்மாளைத் தேடி வந்தாள். கோவில்பட்டிக்காரி. பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருக்கும் நிலையம் ஒன்றில் விஞ்ஞானி. கரையோரத்து ஊர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிறாளாம்.

"போன ஜூலையில, சந்தியாகப்பர் கோவில் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், உங்க படகுப் பெட்டி ஏதாவது தப்பாக் காட்டுச்சாம்மா?"

"பெட்டி எப்படித் தாயி தப்பாக் காட்டும்? தப்பு செய்யுதவனத்தான் அது காட்டும்" என்றாள் கித்தேரியம்மாள்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. "எங்க நிலையத்து மொட்டை மாடியிலயும் அதே பெட்டி ஒண்ணு இருக்கும்மா. சிமென்ட் வெச்சுப் பதிச்சது. அன்னிக்கு சாயங்காலம் அது கிழக்கே ரெண்டரை மைல் போயிட்டு, விடியறதுக்குள்ள வீடு திரும்பிருக்கு."

பக்கத்தில் இறாலைப் புரட்டிக்கொண்டிருந்த கமிட்டி உறுப்பினர் கஸ்பார், "மாடியோடயா போச்சு?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மாடி அங்கதான் இருந்துச்சு. அதான் பிரச்சினையே. சூரியன்லருந்து எப்பவும் ஒரு காத்து வீசிக்கிட்டே இருக்கு. நம்ம காத்து மாதிரி இல்ல. கண்ணுக்குத் தெரியாத பொடி, மின்சாரம் ஏறின பொடி. பூமியோட காந்தம் அத நம்ம மேல விழவிடாம ஒதுக்கி விட்டுரும், பாறையில அலை பிரிஞ்சு போற மாதிரி. சில நாள் அது புயலா அடிக்கும். அன்னிக்கு அடிச்சுச்சு. அப்ப ரொம்ப உசரத்துல இருக்கிற காத்து சூடாகி, பால் பொங்குற மாதிரி மேல ஏறும். உங்க பெட்டிக்கு வழி சொல்ற செயற்கைக்கோள் எல்லாம் புதுசு, பழசு மாதிரி ரொம்ப மேல இல்லாம அந்த உசரத்துலதான் ஓடுது. பொங்கி வந்த காத்துல சிக்கி, அதுக இருக்க வேண்டிய இடத்துல இல்லாமப் போயிருச்சு. பெட்டிக்கு அது தெரியாது. பழைய இடத்துலயே இருக்குன்னு நெனச்சுக் கணக்குப் போடும்."

கித்தேரியம்மாள் கூடத்து வாசல் வழியாகக் கடலைப் பார்த்தாள். பிறகு, "கலங்கரை விளக்கப் பேத்துக் கொண்டுபோயி வேற எடத்துல நட்டு வெச்ச மாதிரி" என்றாள்.

"அதேதான்ம்மா."

"பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் ஒண்ணும் சொல்லலியே?"

"புயல் வந்தாலும் பெட்டி தன்னைத் தானே திருத்திக்கும்னு சொன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம். மாடியில இருக்கிற பெட்டிய யாரு தினம் பாக்கிறா? வேற வேலையாப் பாக்கப் போய்த்தான் எனக்கே தெரிஞ்சுது." அதைச் சொல்லும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கயாவது, யாருக்காவது, இதனால கெடுதல் நடந்திருக்குமோன்னுதான் ஊர் ஊரா வர்றேன்."

இறாலைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே நழுவினார்கள். அவர்கள் எதை நினைத்து நழுவினார்கள் என்று கித்தேரியம்மாளுக்குத் தெரிந்தது. காது மடல் இரண்டும் சுட்டன. இத்தனை வயதில், சந்தையில் கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் அவள் மச்சாது வீட்டுப் பெண். மனசுக்குள் எழுந்து நிற்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு ஊர் கூடும். நீ வந்து இதச் சொல்லணும் தாயி. தப்பாத் தீர்ப்பு சொன்னது நாந்தான்னு நானே சொல்லுவேன். என் தம்பிட்ட ஊரறிய மன்னிப்புக் கேப்பேன்." சொல்லும்போதே, தம்பியைத் தண்டித்தபோது எவ்வளவு நிமிர்ந்து நின்றாளோ அவ்வளவு நிமிர்ந்து மன்னிப்புக் கேட்கும் தன் உருவத்தை அவள் கண்டாள். அதிலும் ஒரு கௌரவம் இருந்தது. "அவன் படகு நெசமா எங்க நின்னுச்சுன்னு காட்ட முடியுமா?"

செண்பகவல்லி மடியில் இருந்த பலகைக் கணினியைத் திறந்தாள். கடல் நீலமாக வந்தது. நடுவில் அடைத்த பார் ஒரு வட்டம். அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் மற்றப் படகுகள் பச்சைப் புள்ளிகளாக.

"இப்ப அந்த ரெண்டரை மைலத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்று விரலால் இழுத்தாள்.

புள்ளிகள் எல்லாம் ஒன்றாக மேற்கே நகர்ந்தன. சிவப்புப் புள்ளி வட்டத்தைவிட்டு வெளியே வந்து பச்சையானது. கித்தேரியம்மாள் சிலுவை போட நெற்றிக்குக் கை கொண்டுபோனாள். அவள் கை நெஞ்சுக்கு வருவதற்குள், வட்டத்துக்கு அந்தப் பக்கம் கிழக்கே பச்சையாக நின்ற ஒரு புள்ளி உள்ளே வந்து சிவப்பாகி நின்றது. பக்கத்தில் அதன் எண் இருந்தது.

"இது யாரு படகும்மா?"

"தெரியல" என்றாள் கித்தேரியம்மாள்.

அது அவளுடைய படகு. அன்று அதைக் கொண்டுபோனவன் ரெமிஜியுஸ்.

"ஒண்ண நகத்தினா எல்லாமே நகருதுல்லம்மா" என்று கணினியை மூடியபடி சொன்னாள் அந்தப் பெண். எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னாள்.

ரெமிஜியுஸ் துறையில் படகின் இஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தான். வெயிலில் தாய் மணலில் நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஆள் விட்டிருந்தா நானே வந்திருப்பேனம்மா."

"சந்தியாகப்பர் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கெழம பொழுது சாய, நீ எங்கல நின்ன?"

என்ன கேள்வி இது என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்காததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனது.

"பெட்டி பச்ச காட்டுச்சும்மா."

"பெட்டியக் கேக்கல. ஒன்னயக் கேக்கேன்."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். "பாருக்கு மேலதான் நின்னேன். தண்ணி நெறம் தெரியாதா எனக்கு? அடியில பவளம் தெரியுது, குஞ்சு கூட்டம் கூட்டமாப் போவுது. பெட்டியப் பாத்தா பச்ச. திரும்பத் திரும்பப் பாத்தேன். பச்சதான். பச்ச எரியும்போது வலை போட்டா அது தப்பில்லன்னு நெனச்சேன்."

"நெனச்சியா, நெனச்சுக்கிட்டியா?"

அவன் துணியை இஞ்சின்மேல் போட்டான்.

"ஒன் மாமன் கயித்தப் பிடிச்சு நின்னப்போ நீ எங்க இருந்த?"

"ஒங்களுக்குப் பின்னாலதான் நின்னேன்."

"நீ பாருக்குள்ள போனது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். வெளிய வரும்போது மாமா படகத் தாண்டித்தான் வந்தேன். கெழக்க இருந்து வாரதப் பாத்துட்டு, இனிமே அந்தப் பக்கம் போன கால ஒடிச்சிருவேம்ல அப்படின்னு சத்தம் போட்டாரு. ஊர் கூடுனப்போ என் பேரச் சொல்லப் போறாருன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே நின்னேன். சொல்லல." குரல் இறங்கியது. "அப்புறம் நீங்க கல்யாணமும் இல்லன்னு சொன்னிய. எனக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு. அந்த வீட்டுல உக்காந்து மாமா போடுத சோத்த நான் எப்படித் திங்க?"

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். கை பாதியிலேயே நின்றது. அடி வாங்க வேண்டியவளுக்கு அடிக்க ஏது உரிமை? வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பொனிப்பாஸ் இப்போது லோடு ஆட்டோ ஓட்டினான். மீன் பெட்டிகளைத் தூத்துக்குடிச் சந்தைக்குக் கொண்டுபோவான். பெட்டிகள் சரியாமலிருக்கக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும்; அவன் பழைய டியூப்பைக் கீறி ரப்பர் பட்டைகள் செய்து மாட்டியிருந்தான். யாரும் பார்க்காத நெடுஞ்சாலையில்கூட அவன் கயிற்றைத் தொட்டதில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் கித்தேரியம்மாள் அதைக் குற்றவாளியின் பயம் என்று எண்ணியிருந்தாள். இன்று அவன் வாசலில் நின்று அந்த ரப்பர் பட்டைகளைப் பார்த்தபோது, தன் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"யாரு, அக்காவா? வழி தப்பி வந்துட்டியா? ஒன் பெட்டி சரியாக் காட்டுதா?" ஆட்டோவுக்கு அடியில் இருந்து குரல் வந்தது. பிறகு ஆள் வந்தான். தாடி நரைத்திருந்தது. "ஏட்டி ஜெசிந்தா, அத்தைக்குக் காப்பி போடு."

ஜெசிந்தா நிலைப்படியில் நின்று, "வாங்கத்த" என்றாள். காப்பி போட உள்ளே போகவில்லை.

"ரெமி பாருக்குள்ள நின்னத நீ பாத்தியாம்."

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"எங்கிட்ட கேட்டது நான் போனனான்னு. போவலன்னு சத்தியம் பண்ணுனேன். வேற எவன் போனான்னு யாரும் கேக்கலியே."

"வெளையாடாத பொனி."

"சரி, வெளையாடல. சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நம்பியிருக்க மாட்டாள். தப்பித்துக்கொள்ள அக்கா மகன்மேல் பழி போடுகிறான் என்று அதற்கும் சேர்த்து இன்னொரு தீர்ப்பு எழுந்து நின்று சொல்லியிருப்பாள்.

"அவன் பொறந்தப்போ நாக்குல சேனை வெச்சது நான்" என்றான் பொனிப்பாஸ். "அந்த நாக்கு தானாச் சொல்லட்டும்னு பாத்துக்கிட்டு நின்னேன். சொல்லல. சின்னப் பய, பயந்துட்டான். அவன் மேல எனக்குக் கோவம் கெடையாது."

"எம்மேல?"

"முழுசும் ஒம்மேலதான்." காப்பிக்குச் சீனி போதும் என்று சொல்கிற குரலில் சொன்னான்.

அவள் விஞ்ஞானி வந்ததைச் சொன்னாள். சூரியக் காற்றைச் சொன்னாள். அவன் நெற்றியில் கை வைத்து வானத்தை ஒரு தடவை பார்த்தான்.

"சூரியனா? அடப் பாவமே. இத்தன நாளும் ஒன்ன மட்டும் திட்டிக்கிட்டு இருந்துட்டேன். அவரையும் சேத்துத் திட்டியிருக்கலாம்." பிறகு சிரிப்பு போனது. "ஞாயித்துக்கெழம பெட்டி தப்புன்னு மட்டும் சொல்லு. அது போதும் எனக்கு. பயல் பேர எடுக்காத. அந்தப் பொண்ணு வெளியூரு, எந்த நம்பர் எவனுதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? ஒம் பேரும் கெடாது."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், கித்தேரியம்மாளின் நெஞ்சு லேசானது. தம்பி மீண்டுவிடுவான். மகன் தப்பிவிடுவான். வீட்டின் பெயர் அப்படியே இருக்கும். அந்த நிம்மதி வந்த வேகத்தைக் கண்டுதான் அவள் அன்று மிகவும் வெட்கப்பட்டாள். தப்பான தீர்ப்பு அறியாமல் சொன்னது. இது அறிந்தே வந்தது.

"அப்பா பேசாம இருந்தாவ. அத்தான் பேசாம இருந்தாவ" என்றாள் நிலைப்படியில் நின்ற ஜெசிந்தா. "இப்ப நீங்களும் பேசாம இருங்கத்த. எல்லாம் ஒரே குடும்பந்தான். பொருத்தமாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொடிமரத்தடியில் ஊர் கூடியது. செண்பகவல்லி வந்து, ஏலக்கூடத்தில் சொன்னதை எல்லோருக்கும் சொன்னாள்.

"அப்பம் சூரியனக் கூட்டியாந்து கயித்தப் பிடிக்கச் சொல்லணும்" என்றார் கஸ்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பில் ஒரு பெரிய ஆறுதல் இருந்தது. யார்மேலும் குற்றமில்லை என்பதைவிட ஊருக்கு இனிப்பான செய்தி வேறு என்ன?

கித்தேரியம்மாள் எழுந்தாள். பொனிப்பாஸின் முன்னால் வந்து நின்று, தன் தீர்ப்பு தப்பு என்றாள். அவனிடமும் அவன் மகளிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஒருவர் கொடிமரத்துக் கயிற்றை அவிழ்த்துப் பொனிப்பாஸிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, கை மறந்துவிட்டதா என்று பார்ப்பவனைப் போல ஒரு முடிச்சுப் போட்டு, உடனே அவிழ்த்தான். பெண்கள் சிலர் அழுதார்கள். அத்தோடு கூட்டம் கலைந்திருக்கும்.

"இருங்க. இன்னும் முடியல" என்றாள் கித்தேரியம்மாள். "அதே கணக்குப்படி அன்னைக்குப் பாருக்குள்ள நின்னது என் படகு. கொண்டுபோனது என் மகன்."

பொனிப்பாஸ் கண்ணை மூடிக்கொண்டான். அவள் எதிர்பார்த்தது ஒரு முணுமுணுப்பை, காறித் துப்புகிற சத்தத்தை, யாராவது ஒருவர் "மச்சாது வீடா!" என்று சிரிப்பதை. எதுவும் வரவில்லை.

"பெட்டி பச்சதான காட்டிருக்கு?" என்றார் கஸ்பார். "பச்ச எரிஞ்சா பயல் என்ன செய்வான்?"

"நான் கண்ணால பாத்தேன்" என்று பின்னால் இருந்து ரெமிஜியுஸ் சொன்னான். "பார் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் வலை போட்டேன்."

"கண்ணு என்னல கண்ணு? கடல்ல கண்ணு ஏமாத்தும். பெட்டி பச்சன்னா பச்சதான். விடுங்கம்மா, எல்லாம் சூரியன் செஞ்ச வேலை."

பொனிப்பாஸ் தன் கண்ணால் கண்டதைச் சொன்னபோதும் அதே வாய்தான் கடலில் கண் ஏமாற்றும் என்றது. அன்று பெட்டி சொன்னதால் அவன் குற்றவாளி. இன்று பெட்டி சொன்னதால் இவன் குற்றமற்றவன். பெட்டி தப்பு என்பதைக் கேட்டு முடித்துக் கால் மணிகூட ஆகவில்லை.

"அவனுக்கும் தீர்ப்பு சொல்லுங்க" என்று அவள் கேட்டாள். "கயிறு தொடாம இருக்கட்டும். எனக்கும் சொல்லுங்க. நாற்காலிய விட்டுப் போவச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. "மறைச்சிருக்கலாம், மறைக்கல பாத்தியா" என்று ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "மச்சாது வீடுன்னா சும்மாவா?" அந்த வார்த்தை கூட்டத்தில் கைமாறிக் கைமாறிப் போனது. இத்தனை காலம் அவள் காத்துவந்த பேச்சு அது. இன்று அது எச்சிலைப் போல அவள் முகத்தில் வந்து விழுந்தது. துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

கூட்டம் கலைந்தது. செண்பகவல்லி தன் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தாள். கித்தேரியம்மாள் அவளிடம் போனாள்.

"அன்னைக்கு நம்பர் யாருதுன்னு கேட்டப்போ தெரியலன்னு சொன்னேன். தெரியும் தாயி."

"புரிஞ்சுதும்மா. இன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே, அது பெருசு."

"பெருசு கிடக்கட்டும். அந்த ஒரு சாயங்காலந்தான? வேற நாள் இப்படி ஆவலியே?"

அந்தப் பெண் தயங்கினாள். "ஆயிருக்கும்மா. போன வருஷம் பூரா சூரியன் கொந்தளிப்பா இருந்துச்சு. இதே மாதிரி சாயங்காலம் இன்னும் சிலது இருக்கு. தவக்காலத்துல ஒண்ணு, அன்னிக்குக் காட்டினதவிட அதிகமாவே தள்ளியிருக்கு. அன்னிக்கே எல்லாம் கணினியில இருந்துச்சு. நீங்க உங்க தம்பி படக மட்டுந்தான் கேட்டீங்க."

தவக்காலம். தவக்காலத்தில் ஒருவன் இதே கொடிமரத்தடியில் நின்றான். கஸ்பாரின் படகைக் கூலிக்கு ஓட்ட வந்த தண்டல், எங்கிருந்தோ குடும்பத்தோடு வந்தவன். அவனும் கயிற்றைப் பிடித்துச் சத்தியம் செய்தான். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது என்று அவனும் சொன்னான். அவனுக்குத் தீர்ப்புச் சொல்ல கித்தேரியம்மாள் எழுந்துகூட நிற்கவில்லை. உட்கார்ந்தபடி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாள். ஊர் பெருமூச்சு விடவில்லை. மறுநாள் அவனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் சாமான்களைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதை அவள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். கயிற்றைப் பிடித்திருந்த அவன் கையில் உப்பு வெடிப்புகள் இருந்தது நினைவிருக்கிறது. அவன் பெண்டாட்டியின் சேலை நிறம்கூட நினைவிருக்கிறது.

செண்பகவல்லி மறுபடியும் கணினியை எடுத்திருந்தாள். "யாராவது பாதிக்கப்பட்டிருக்காங்களாம்மா? பேரு சொல்லுங்க, தேடிரலாம்."

கித்தேரியம்மாள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

கஸ்பாரைக் கூப்பிட்டாள். "அந்த ஆளா? என்னமோ ஒரு பேரு. வேம்பாருக்கு அங்கிட்டு இருந்து வந்தவன்" என்று அவர் தலையைச் சொறிந்தார். கமிட்டியில் படகின் எண்ணும் சொந்தக்காரர் பெயரும்தான் பதிவாகும். ரெமிஜியுசுக்குத் தெரியவில்லை. கடைசியில் பொனிப்பாஸிடம் வந்தாள். இந்த ஊரில் யார் பெயரும் அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

பொனிப்பாஸ் வெகுநேரம் யோசித்தான். அவன் முகமும் மெல்லச் சிவந்தது.

"நாங்க எல்லாரும் அவன 'வந்தவன்'னுதான்க்கா கூப்பிட்டோம்."

அன்று பகல் முழுவதும் கித்தேரியம்மாள் வீடு வீடாகப் போனாள். கூலிக்கு வந்தவர்கள் குடியிருக்கும் கீழத்தெரு அவள் ஒரு நாளும் கால் வைக்காத தெரு. ஒவ்வொரு வாசலிலும் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். அவளைக் கண்டு பதறி எழுந்தவர்கள், கேள்வியைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதே வளவுலதான் இருந்தாவ" என்றாள் ஒரு பெண், மடியில் பிள்ளையோடு. "நானும் கேட்டதில்லம்மா. எதுக்குத் தேடுதிய?"

"மன்னிப்புக் கேக்கணும்."

"அதுக்குப் பேரு எதுக்கும்மா?"

கித்தேரியம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பதில் சொல்வதற்கு முன் கேட்டாள்:

"ஒம் பேரு என்ன தாயி?"